வாசலில் கட்டிய வேப்பிலை

14

விடிந்தும் விடியாத நேரத்தில் பாஞ்சாலி கொல்லை மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்தாள். ஒடித்து முடித்த பிறகுதான், இதை எதற்காக ஒடித்தோம் என்று யோசித்தாள்.

உள்ளறையில் மகன் வினோத்குமார் இருமினான்.

புனேயில் பன்றிக் காய்ச்சல் பரவுகிறது என்று கம்பெனியில் விடுமுறை விட்டதும், அவன் ரயிலேறிப் புதன்கிழமை நெல்லிமேட்டுக்கு வந்து சேர்ந்ததும், மறுநாள் காலையிலேயே திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டதும் நீங்கள் அறிந்ததுதான். நான்கு வயதில் விஷக் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காக, "இவன் எழுந்து நடந்தா உன் நெருப்புல எறங்குவான் தாயே" என்று வேண்டிக்கொண்டவள் பாஞ்சாலி. படிப்பு, பரீட்சை, வேலை என்று பத்தொன்பது வருஷம் தள்ளிப்போன வேண்டுதல். நாளை, ஆடிக் கடைசி ஞாயிறு, அது நிறைவேற வேண்டும்.

நேற்று மாலை விளக்கேற்றும்போது அவன் நெற்றியைத் தொட்டாள். கை சுட்டது.

"ரெண்டு நாளு ரயில்ல குந்திகினு வந்தவன். பயணச் சூடு. மோர் குடு, அடங்கிடும்" என்றார் அவள் கணவர் சடையப்பன்.

"ஆஸ்பத்திரியில ஒரு தபா காட்டிட்டா..."

"அங்க போனா படுக்க வெச்சுக்குவான். காப்பு கட்டினவன் எல்லை தாண்டி ராத்தங்குவானா? இன்னாமே பேசற நீ? நாளைக்கு ஒரு நாளு, நாளன்னிக்கு ஒரு நாளு. வாயத் தொறக்காத."

கொடியேறிக் காப்புக் கட்டிவிட்டால், தீ அணையும்வரை ஊர் எல்லைக்கு வெளியே யாரும் இரவு தங்கக் கூடாது. நெல்லிமேட்டில் அது எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டம். சடையப்பன் அந்தக் கோயிலின் தர்மகர்த்தா. அவர் கையாலேயே மகனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்.

விடியும் முன்பே அவர் கோயிலுக்குப் போய்விட்டார். அன்று ஆகஸ்ட் பதினைந்து. காலையில் தேசியக் கொடியேற்றம், பதினோரு மணிக்குக் கிராம சபை. அதில் திருவிழாவைப் பற்றித்தான் பேச்சு என்று ஊருக்கே தெரியும்.

பாஞ்சாலி வேப்பிலையை வாசல் நிலையில் இரண்டு பக்கமும் செருகினாள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். அம்மை கண்ட வீடு என்று ஒதுங்கிப் போவார்கள். கணவர் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் பிள்ளையின் பக்கத்தில் யாரும் வராமல் பார்த்துக்கொண்டாயிற்று. இரண்டு பேருக்கும் நல்லவளாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக அப்போது அவளுக்கு ஒரு நிம்மதி.

வேப்பிலை வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

எழுபத்து நாலாம் வருஷம். உத்திரமேரூர் பஜாரில் பாஞ்சாலியின் அப்பா வீடும் அவள் தோழி வகிதாவின் அப்பா கடை வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் ஒரு மண் சுவர். பாஞ்சாலிக்குத் தட்டம்மை வந்து வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபோது, வகிதாவை அந்தப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் போகவில்லை. சுவருக்குத் தன் வீட்டுப் பக்கம் கவிழ்த்துப் போட்டிருந்த உரலின்மேல் ஏறி நின்றாள். வகிடும் கண்களும் மட்டும் தெரியும். அங்கிருந்து, பள்ளியில் அன்றைக்கு நடந்த வாய்ப்பாட்டை ஊருக்கே கேட்கக் கத்துவாள். பதிமூணாம் வாய்ப்பாடு இன்றைக்கும் பாஞ்சாலிக்கு வகிதாவின் குரலில்தான் நினைவு வரும்.

ஒரு நாள் வாய்ப்பாட்டுக்கு நடுவே வகிதா சொன்னாள்: "எங்க அம்மி தாளிக்கவே மாட்டேங்குதுடி. எண்ணெய் பொக ஒனக்கு ஆவாதாம். ஒனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் எங்களுக்கு வெறும் சோறு, வெறும் பருப்பு. சீக்கிரம் எழுந்திரிடி, நாக்கு செத்துப் பூட்ச்சு."

பதினோரு நாள் வகிதாவின் அம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. யாரும் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள், தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு பாஞ்சாலி கொல்லையில் நின்றபோது, சுவருக்கு அப்பாலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. தனக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று அவள் நம்பியது அந்த வாசனையில்தான்.

இலையின் காம்பைத் திருகிக்கொண்டிருந்த விரல் சட்டென்று நின்றது.

வியாழக்கிழமை காப்புக் கட்டிக்கொண்ட கையோடு வினோத் உத்திரமேரூருக்குப் போனான். வகிதாவின் மகன் அஸ்லம் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அங்கே மத்தியானம் சாப்பிட்டான். அஸ்லமின் மனைவி சபாவுக்குப் புனேயிலிருந்து வாங்கி வந்த துப்பட்டாவைக் கொடுத்தான். சபாவுக்கு எட்டு மாதம்.

செல்போனை எடுத்தாள். வகிதாவின் எண் வரும்வரை தள்ளினாள். 'வாயத் தொறக்காத.' வகிதாவிடம் சொன்னால் பஜாருக்குத் தெரியும், பஜாருக்குத் தெரிந்தால் நெல்லிமேட்டுக்குத் தெரியும். போனை அரிசிப் பானையின் மூடிமேல் வைத்தாள். பார்க்காமல் இருப்பதற்காகத் திருப்பி வைத்தாள்.

"எக்கா! எக்கோவ்!"

எதிர்த் தெரு சிட்டம்மாள் வாசலில் நின்றாள். கையில் மஞ்சள் நீர்ச் செம்பு. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், ஒருத்தியிடம் கூழ்ப் பானை.

"யாருக்கு எக்கா? வினோத்துக்கா?"

"கிட்ட வராத சிட்டு."

"அய்ய, நான் உள்ள வருவனா? எனக்குத் தெரியாதா?" சிட்டம்மாள் வாசற்படியில் மஞ்சள் நீரை ஊற்றி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "காப்பு கட்டின ஒடம்பப் பாத்து வந்து எறங்கிகீறா பாரேன்! வேற யார் வூட்டுக்கும் போவல. தர்மகர்த்தா வூட்டுக்குத்தான் வந்துகீறா. குடுத்து வெச்சவன் உன் புள்ள!"

பாஞ்சாலி கதவைப் பாதி சாத்தினாள். திருநாள் இல்லாத சாதாரண நாளாயிருந்தால் வேப்பிலையைப் பார்த்ததும் தெரு ஒதுங்கியிருக்கும். இது அம்மனுக்குக் காப்புக் கட்டிய ஊர். ஒன்பது மணிக்குள் பத்துப் பெண்கள் வந்து வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தள்ளி நிற்கச் சொல்லிக் கட்டிய இலை, தெருவையே வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டது.

*

கோயில் புங்கமரத்தடியில் கிராம சபை கூடியது. பாஞ்சாலி கூட்டத்தில் உட்காரவில்லை. வெகுதூரம் தள்ளி, தேர்க் கொட்டகையின் ஓரத்தில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள். வந்திருக்கவே கூடாது என்று தெரிந்தது. வராமலும் இருக்க முடியவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் தாண்டவராயன் எழுந்தார்.

"ஆயிரம் வருசத்துக்கு மின்னாலயே நம்ம உத்திரமேரூர்ல, குடத்துல ஓலையப் போட்டு..."

"தலைவரே, கல்வெட்ட வுட்டு எறங்கி வாங்க, வெயிலு ஏறுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. தாண்டவராயனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

சுகாதார ஆய்வாளர் சாமுவேல் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் காகிதத்தைப் படித்தார். பள்ளிக்கூடம் ஒரு வாரம் மூடல். தெருக்கூத்து வேண்டாம். ராட்டினம், வெளியூர்க் கடைகள் வேண்டாம். தீமிதி சடங்கை உள்ளூர்க்காரர் இருபது பேரோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

"இருபது பேரா? பூக்குழிக்கு வெறவு அடுக்கவே முப்பது பேரு வோணும்!"

சடையப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டம் அடங்கியது. அவருக்குப் பேச வரும்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். காஞ்சிபுரம் பஸ்ஸுல ஒத்தக் கால்ல தொங்கிக்கினு போறோம். அதுல தொத்தாதா? ஒயின் ஷாப்புல ஒருத்தன் மேல ஒருத்தன் சாஞ்சிக்கினு நிக்கிறான். அங்க வராதா? கோயில் வாசலுக்கு வந்தா மட்டும் தேடிக்கினு வருதா உங்க காய்ச்சலு?"

கைதட்டல். புங்கமரத்துக் காகங்கள் எழும்பின.

"நல்லாக் கேளு மாமா!" என்று சிட்டம்மாள் எழுந்தாள். "நூறு நாள் வேலையில ஏரிக்குள்ள நூத்தம்பது பேரு ஒண்ணா நிக்கிறோமே, அத யாராச்சும் நிறுத்தினாங்களா?"

"அதையும் நிறுத்தணும்னு மேல எழுதியிருக்கேன்மா" என்றார் சாமுவேல்.

"நீங்க எழுதிக்கினே இருங்க!"

தபால்கார ஏகாம்பரம் தயங்கித் தயங்கி எழுந்தார். "இல்ல... ஒரு வருசம் கூட்டத்தக் கொறைச்சா இன்னா கொறஞ்சு பூடும்? அம்மன் கோச்சுக்குவாளா? மெட்ராஸ்ல சின்னப் புள்ளயே செத்துப் பூட்ச்சுன்னு பேப்பர்ல..."

"ஒனக்கு இன்னாய்யா, நெருப்புல எறங்கறவனா நீ? சைக்கிள்லேர்ந்தே எறங்க மாட்ட!"

ஏகாம்பரம் சிரிப்புக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். பாஞ்சாலிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட, கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும் தன் கணவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த நியாயத்தை வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பிள்ளையை மறைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறதே. அவர் குரல் வழக்கத்தைவிட ஒரு படி மேலே இருந்தது. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது பயம் என்று தெரியும்.

சாமுவேல் காகிதத்தை மடித்தார். "நீங்க கேக்கறதுக்கெல்லாம் என்கிட்ட பதில் இல்லீங்க. பஸ்ஸ நான் நிறுத்த முடியாது. ஆனா ஒண்ணு. பல பேருக்கு இது சாதாரண ஜுரமாட்டம் வந்துட்டுப் போயிடும். வயித்துல புள்ளயோட இருக்கறவங்களுக்கு வந்தா அப்படிப் போறதில்ல. முதல் ரெண்டு நாள்லயே மாத்திரை குடுக்கணும். யாருக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் குடுக்க முடியும்."

பாஞ்சாலியின் கை கொட்டகைத் தூணைப் பிடித்தது. வியாழன். வெள்ளி. சனி.

"சார்!" சிட்டம்மாள் மறுபடியும் எழுந்திருந்தாள். அவள் முகம் நிஜமாகவே பூரித்திருந்தது. "உங்க காயிதத்த உள்ள வையுங்க. அம்மாளே பதில் சொல்லிட்டா! இன்னிக்குக் காலையில தர்மகர்த்தா வூட்டு வாசல்ல வேப்பல கட்டிகீது. காப்பு கட்டின புள்ள மேல அவ வந்து எறங்கிகீறா. இந்த வருசம் என் திருநாள நிறுத்தாதேன்னு அவ சொல்றது உங்களுக்குக் கேக்கலியா?"

யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். கூட்டம் எழுந்து நின்றது. தாண்டவராயன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சடையப்பனுக்கு வேப்பிலையைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் திகைத்து, தலைகளுக்கு மேலாகத் தேடி, தேர்க் கொட்டகையில் பாஞ்சாலியைக் கண்டுபிடித்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'இதை அப்படியே விட்டுவிடேன்' என்ற கெஞ்சல் இருந்தது. அவள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். திருவிழா நடக்கும், வேண்டுதல் முடியும், அவர் தலை நிமிர்ந்து இருப்பார்.

"அம்மா வரல" என்றாள் பாஞ்சாலி.

குலவையில் அது யாருக்கும் கேட்கவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அம்மா வரல! அம்மை இல்ல அது! காய்ச்சலு. புனேயிலேர்ந்து வந்த புள்ளக்கி நேத்துலேர்ந்து காய்ச்சலு, இருமலு. சொல்லப் பயந்துக்கினு நான்தான் வேப்பல கட்டினேன். யாரும் கிட்ட வராம இருக்கட்டும்னு கட்டினேன். எல்லாரும் வந்துட்டீங்க."

குலவை அறுந்தது. சிட்டம்மாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய கைகள்.

"எக்கா... அம்மா பேர்லயா பொய் சொன்ன?"

பாஞ்சாலி முந்தானையை மறுபடி மூக்குக்கு ஏற்றினாள்.

சாமுவேல் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தர்மகர்த்தா சார், வியாழக்கிழமை நீங்க எத்தன பேருக்குக் காப்புக் கட்டினீங்க?"

"முப்பத்திரெண்டு பேருக்கு." கொஞ்ச நேரத்துக்கு முன்னால் காகங்களை எழுப்பிய குரல் அது என்று யாரும் நம்ப மாட்டார்கள். "மொதல்ல அவனுக்கு. அப்பறம் மத்தவங்களுக்கு."

*

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. கூட யாரும் வரக் கூடாது என்றார்கள். வினோத் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வரல. காப்போட எல்லை தாண்டி ராத்தங்க மாட்டேன். உனக்காகத்தானேம்மா கட்டிக்கினேன்? இப்ப நீயே போன்னு சொல்றியே."

தெரு தள்ளி நின்றது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம். இந்தத் தடவை இலை சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்திருந்தது.

சடையப்பன் வந்தார். துண்டை மூக்கில் கட்டியிருந்தார். யாரையும் பார்க்காமல் மகனுக்கு எதிரில் குந்தி, அவன் மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நைனா, வேணா..."

"கட்டினவன் நானு. அவுக்கறவனும் நானே. அவ கேட்டா என்னக் கேக்கட்டும்."

முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெடுநேரம் நெருடினார். மஞ்சள் கயிறு கையோடு வந்ததும் அதைக் கீழே போடவில்லை, பாஞ்சாலியிடம் தரவும் இல்லை. தன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, வண்டி கிளம்பும்வரை நின்றார். பிறகு கோயில் பக்கம் நடந்தார்.

அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார் என்று பாஞ்சாலி கேட்கவில்லை. கேட்கும் தகுதி தனக்கு இன்று இல்லை என்று தோன்றியது.

உள்ளே போய் அரிசிப் பானைமேல் கவிழ்ந்து கிடந்த போனைத் திருப்பி, வகிதாவுக்குச் சொன்னாள். வியாழன், வெள்ளி, சனி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் எதிர்ப்பக்கம் இணைப்பு அறுந்தது.

*

பொழுது சாயும் நேரம். நாளை தீ மூட்டுவதா வேண்டாமா என்று கோயிலில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காற்றில் ஏறி ஏறி இறங்கியது. யார் வந்தாலும் வராவிட்டாலும் சாப்பாடு என்று ஒன்று வேண்டுமே. ரசம் கொதித்தது. பாஞ்சாலி தாளிக்கச் சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினாள்.

ரோட்டில் ஆட்டோ நிற்கும் சத்தம்.

வேலிக்கு அப்பால் வகிதா நின்றாள். கறுப்பு புர்காவின் முகத்திரையை மேலே தள்ளியிருந்தாள். பாஞ்சாலி ஓடி வந்தாள்.

"அங்கயே நில்லுடி" என்றாள் வகிதா.

பாஞ்சாலி வாசற்படியில் நின்றாள்.

"நேத்து சாயங்காலமே காய்ச்சலு. ஒரு போன் பண்றதுக்கு இன்னாடி ஒனக்கு? நானு யாரோவா?"

"நம்பரத் தேடி எடுத்தேன் வகிதா. கையில வெச்சுக்கினே இருந்தேன். அழுத்தல."

"ஏன்?"

"பயம். நாளைக்கு ஒரு நாளு தாண்டட்டும்னு..."

வகிதா நிலையில் இன்னும் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தாள். இலைகள் வாடிச் சுருண்டிருந்தன.

"காலையில பஸ்ஸுல வந்த பொம்பளைங்க சொன்னாங்க, உங்க வூட்ல அம்மா வந்துகீதுன்னு. நான் அடுப்புல இருந்த எண்ணெய் சட்டிய எறக்கிட்டேன்டி. நமக்கு நடுவுல இப்ப ஒரு சொவரா கீது? பத்து மைலு கீது. ஆனாலும் எங்க அம்மி அன்னிக்கு அப்பிடித்தானே செஞ்சாங்க. அஸ்லம் வெறும் பருப்பத் துன்னுட்டு மொணமொணன்னுகினே போனான்." அவள் குரல் உடைந்தது. "அதையும் பொய்யாக்கிட்டியேடி."

பாஞ்சாலிக்கு அழுகை வரவில்லை. வந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

"சபா?" என்று கேட்டாள்.

"மத்தியானத்துலேர்ந்து சுடுது. அஸ்லம் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிகீறான். நானும் அங்கதான் போறேன். நீ போன் பண்ணதால டாக்டர் கிட்ட மொதல்லயே சொல்ல முடிஞ்சுது. மாத்திரை குடுத்துகீறாங்க." ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். வகிதா முகத்திரையை இறக்கினாள். "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே குடுத்திருப்பாங்க."

ஆட்டோ மாகறல் ரோட்டில் திரும்பி மறையும்வரை பாஞ்சாலி நின்றாள். பதிமூணாம் வாய்ப்பாட்டைச் சொன்ன குரல்தான் அது. உரலின்மேல் நின்று எட்டிப் பார்த்த கண்கள்தான் அவை.

உள்ளே எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. கடுகை எடுக்க அஞ்சறைப் பெட்டியைத் திறந்தவள், விரல்களில் எடுத்ததைத் திரும்பவும் அதே கிண்ணத்தில் போட்டாள்.

இந்தக் காய்ச்சலுக்கும் எண்ணெய்ப் புகைக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். சபாவின் தலைக்கு எந்த நாள் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது தெரியாது.

முந்தானையால் பிடித்துச் சட்டியை இறக்கி வைத்தாள்.